தபுலா ராசா: எழுதாப்பலகையா, துடைத்த பலகையா?

வணக்கம்.

‘தபுலா ராசா’ என்ற இலத்தீன் தொடருக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார்கள். பிறக்கும்போது மனம் எதுவும் எழுதப்படாத பலகை போன்றது என்ற கருத்தை அது குறிக்கும். இதுவரை வந்த பரிந்துரைகள் வெற்றுமனம், வெள்ளைத்தாள், வெற்றோலை. மூன்றிலும் இடறல் உண்டு.

வெற்றுமனம் பிழை. மனிதன் கருத்துகளோடு பிறப்பதில்லை என்றுதான் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் வாதிட்டார். சிந்திக்கும் ஆற்றலும் பிறவியில் இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளைத்தாள் அவரே கையாண்ட உவமை. 1689 இறுதியில் வெளிவந்த அவருடைய நூலில், இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்த இடத்தில் ‘தபுலா ராசா’ என்ற இலத்தீன் தொடர் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். லாக்கை மறுத்த ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ்தான் அந்தத் தொடரை வைத்து வாதாடினார்.

வெற்றோலை கேட்க அழகு, பொருள் பொருந்தாது. உரோமர் மரப்பலகையில் குழிவெட்டி மெழுகு நிரப்பினர். எழுத்தாணியின் கூர்முனையால் எழுதி, தட்டைமுனையால் மெழுகை வழித்து மறுபடி எழுதினர். ‘ராசா’ என்றால் வழித்தது. ஓலையில் கீறியது கீறியதுதான், அதை வழிக்க முடியாது.

என் பரிந்துரை: எழுதாப்பலகை. குறுந்தொகை 156இல் ‘எழுதாக் கற்பு’ என்ற ஆட்சியே உண்டு.

---

> ‘எழுதாக் கற்பு’ என்ற ஆட்சியே உண்டு

ஐயா, அந்தச் சான்று உங்களுக்கே எதிராகத் திரும்பும். அங்கே எழுதாக் கற்பு என்பது ஏட்டில் எழுதாமல் வாய்வழி ஓதும் மறை. எழுதவில்லையே தவிர உள்ளே நிறைய இருக்கிறது!

இன்னொன்று. கேள்வி எழுந்ததே ‘லாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பகுதிக்கு (2004) ‘தபுலா ராசா’ என்று தலைப்பு இருப்பதால். தொடரில் ஜான் லாக் என்றே ஒரு பாத்திரம் இருப்பதால் மெய்யியல் பொருளையே எடுத்துக்கொள்கிறோம். கதை வேறு. விமானம் நொறுங்கித் தீவில் சிக்கியவர்களின் கதை அது. அவர்களில் கேட் கைவிலங்கோடு விமானத்தில் வந்தவள். மூன்று நாளுக்கு முன் நாம் எல்லோரும் செத்துவிட்டோம், இனிப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறான் உடன் வந்த ஜாக். அவள் பலகையில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது; அதை அழிப்பதுதான் பேச்சு. அங்கே ‘எழுதா’ பொய்யாகிவிடும்.

---

குறுந்தொகையை விட்டுவிடுகிறேன், ஒப்புக்கொண்டேன். சொல்லை விடவில்லை. அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றிய நூலில் சொன்னதும் இன்னும் எதுவும் எழுதப்படாத பலகைதான்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். மெய்யியலுக்கும் கணினியியலுக்கும் எழுதாப்பலகை. 2017இல் ஆல்ஃபாகோ ஜீரோ என்ற, கோ என்னும் பலகை ஆட்டம் ஆடும் கணினி நிரல் பற்றிய கட்டுரைச் சுருக்கத்தில் இந்த இலத்தீன் தொடர் வினையடைபோல வருகிறது. ‘எழுதாப்பலகையாகத் தொடங்கிக் கற்றது’ என்றால் இடறாமல் அமர்கிறது. மனிதர் ஆடிய ஆட்டங்களைக் கொடுக்கவில்லை, கோ ஆட்டத்தின் விதிகளைக் கொடுத்தார்கள். அதனால் அங்கும் ‘வெற்றுமனம்’ செல்லாது.

‘லாஸ்ட்’ பகுதியின் தலைப்புக்கு ‘வழித்த பலகை’ நேர் பெயர்ப்பு. ஆனால் மெழுகுப் பலகையை நம் பார்வையாளர் கண்டதில்லை. வழித்த என்றால் மாவுதான் நினைவுக்கு வரும். ‘துடைத்த சிலேட்டு’ என்று போடுங்கள்.