ரெவிட்டில் உயரம் மாறும் இரண்டு கூரைகளை இணைப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு மங்களூர் ஓட்டு வீட்டுக்கு ரெவிட் (Revit) என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். ‘டி’ வடிவ வீடு. பெரிய பகுதியின் கூரை 9 மீட்டர் அகலம், 30 டிகிரி சரிவு. பக்கவாட்டில் நீளும் பகுதி விளிம்புக்கு விளிம்பு 6 மீட்டர், 25 டிகிரி சரிவு, கூரை விளிம்பும் 600 மி.மீ. தாழ்வு.

அந்த 600 மி.மீட்டரில்தான் சிக்கல். சிறிய கூரையின் மேல்பகுதி பெரிய கூரையின் சரிவில் முட்ட வேண்டும். கீழ்ப்பகுதியோ பெரிய கூரை நீட்டலுக்கு அடியில் போய்ச் சுவரோடு நிற்க வேண்டும். கணக்குப்படி சிறிய முகடு பெரிய கூரையின் விளிம்பிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உள்ளே முட்டும். கூரைகளைச் சேர்க்கும் ‘ஜாயின் ரூஃப்’ கட்டளையைக் கொடுத்தால் மேலே சரியாகச் சேர்கிறது, நீட்டலுக்கு அடியில் சரியாக முடியவில்லை. இரண்டையும் ஒரே ஃபுட்பிரின்ட்டில் (மேலிருந்து பார்க்கும் கூரையின் எல்லைக்கோட்டில்) வரைந்து, சின்னப் பகுதியின் கோடுகளுக்கு மட்டும் ‘ஆஃப்செட் ஃப்ரம் ரூஃப் பேஸ்’ (கூரை அடிமட்டத்திலிருந்து உயர வித்தியாசம்) மாற்றினால் உள்மூலையில் வடிவம் கெடுகிறது.

சரிவுகள் வேறு என்பதால் பிளானில் பள்ளக்கோடு (இரண்டு சரிவுகளும் உள்மூலையில் சேரும் கோடு) 45 டிகிரியில் வராது. இரும்பு ட்ரஸ் வெட்டுபவரும், பள்ளத்துக்குத் தகடு மடிப்பவரும் இந்த வரைபடத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அங்கே பிசகினால் மழையில் ஒழுகும். விளிம்பை ஒரே மட்டத்துக்கு ஏற்றிவிடலாம்தான், ஆனால் தாழ்ந்த கூரை சாரலைத் தடுக்கும்; அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

சிறிய கூரையை இரண்டு துண்டாகப் பிரிப்பதா? ஒரு கூரை முட்டும் இடத்தில் மற்றதை வெட்டும் ‘டார்மர் ஓபனிங்’ இங்கே உதவுமா? இதுபோல் செய்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் பேருதவி. ஸ்க்ரீன்ஷாட் இருந்தாலும் போடுங்கள்.