படிச்ச ஆக்கள் ஏன் இப்பிடி ஏமாறுகினம்?

வெள்ளவத்தைக்காரன்:
2020 டிசம்பரில கேகாலைப் பாணிக்குச் சனம் முண்டியடிச்சது ஞாபகமோ? தேனும் சாதிக்காயும் கொரோனாவைச் சுகமாக்குமாம். என்ர மாமாவும் ஆள்விட்டு ரெண்டு போத்தல் எடுப்பிச்சவர். மூடியைச் சுத்தி மெழுகு, லேபல் கிடையாது. மனுசன் முப்பது வருச எஞ்சினியர்! படிப்பு என்னத்துக்கு உதவினது?

ஆய்வுகூட அக்கா:
தம்பி, மாமா பயத்தில குடிச்சிருப்பார். அது வேற. விஞ்ஞானம் படிச்ச ஆள் நிதானமா இருந்தா, சோதிக்காம நம்பாது.

புறக்கோட்டைப் பெடியன்:
சோதிச்சுத்தான் ஏமாந்தவை அக்கா. 1979, அமெரிக்காவில செயின்ற் லூயிஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகம். மனசால கரண்டி வளைப்பம் எண்டு ரெண்டு இளம் பெடியள் போனவை. ஆய்வுக்கு 5 இலட்சம் டொலர் நிதி, பொறுப்பு ஒரு பௌதிகப் பேராசிரியர். பெடியளோ ஜேம்ஸ் ராண்டி எண்ட மஜிக்காரரின்ர ஆக்கள். கரண்டிகளில நூலால அடையாளத் துண்டு கட்டியிருந்தது. பெடியள் துண்டை மாத்திக் கட்டிவிட்டவை, அவ்வளவுதான். திருப்பி அளந்தா அளவு வேற, கரண்டி வளைஞ்சிருக்காம்! "சுத்துறியளோ?" எண்டு நேர கேட்டா உண்மையைச் சொல்லச் சொல்லித்தான் ராண்டி விட்டவர். ஒருத்தரும் கேக்கேல்லை.

ஆய்வுகூட அக்கா:
அரைக் கதை சொல்லாதையும். 1981 இல அதே பேராசிரியர் கட்டுப்பாட்டை இறுக்கினவர். பெடியளின்ர சக்தியும் படுத்திட்டுது. அதுதான் விஞ்ஞானம்.

புறக்கோட்டைப் பெடியன்:
இறுக்கச் சொன்னது ஆர்? எங்கெங்க சுத்துவினம் எண்டு ராண்டி தொடக்கத்திலயே கடிதம் எழுதி, உதவிக்கும் வாறன் எண்டவர். அவை எடுக்கேல்லை. பக்டீரியா கண்ணுக்குத் தெரியாது, சரி. ஆனா உங்களைப் பேய்க்காட்டவெண்டு லேபலை மாத்தாது. அதால உங்களுக்கு அந்த யோசனையே வாறேல்லை. எங்கட துணிக்கடையில வாங்க வாறவர் முதல் பாக்கிறது அளவுகோலையும் என்ர கையையும்தான்.

வெள்ளவத்தைக்காரன்:
எங்கட கொழும்பிலயே கனகாலம் இருந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும், மனசால கரண்டி வளைக்கிறன் எண்ட யூரி கெல்லர் லண்டன் பேர்க்பெக் கல்லூரியில செய்து காட்டினதை நம்பினவர். பிறகுதான் மனம் மாறினவர்.

ஆய்வுகூட அக்கா:
மாறினவர்தானே! கேகாலைப் பாணிக்காரர் எத்தினை பேர் மாறினவை?

புறக்கோட்டைப் பெடியன்:
கேள்வி அதில்லை அக்கா. நீங்கள் ஏமாந்ததே இல்லையோ?

ஆய்வுகூட அக்கா:
சரி, சொல்லுறன், சிரிக்கக்கூடாது. ஏப்ரல் முதலாம் திகதி எங்கட ஆய்வுகூடப் பெடியள், அமிலத்தன்மை அளக்கிற பிஎச் மீற்றரைச் சரிபாக்கிற பிஎச் 4, 7 பஃபர் கரைசல் போத்தல்களின்ர லேபலை மாத்தி ஒட்டிப்போட்டினம். எண் பிழைக்க, நான் அரைநாளா மீற்றரைக் கழட்டிப் பூட்டினன். மீற்றரில சந்தேகம், எலக்ட்ரோட்டில சந்தேகம், மின்சாரத்தில கூடச் சந்தேகம். நாலு மணிக்கு அவையே வந்து சொல்லிச்சினம்.

அந்த மீற்றர் இன்னும் சரியா வேலை செய்யேல்லை.