அமெரிக்க வரியால் தேங்கிய துண்டுகள்: ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். கப்பலூர் பக்கம் பதினாலு தையல் மெஷின் வைத்து, அமெரிக்காவுக்குச் சமையலறைத் துண்டு தைத்து அனுப்புகிறோம். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கக் கூடுதல் வரி 25-லிருந்து 50 சதவீதமானது, ஏற்கெனவே இருந்த ஒன்பது சொச்சத்தையும் சேர்த்தால் நூறு டாலர் சரக்குக்கு அப்போது ஏறக்குறைய அறுபது டாலர் வரி ஆனது. கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான், ஆனால் அவர் சும்மா கட்டுவாரா? எங்கள் பையர் விலையில் இருபது சதவீதம் குறைக்கச் சொல்லிவிட்டார். குறைத்தால் நூல் காசுகூடத் தேறாது.

தூத்துக்குடிக்குப் போக வேண்டிய 140 பெட்டி குடோனில் கிடக்கிறது, எலிக்குப் பயந்து தினமும் ஒரு தடவை புரட்டிப் பார்க்கிறேன்.

2022 டிசம்பர் கடைசியில் அமலுக்கு வந்த இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலியாவில் நம்ம துணிக்கு வரி இல்லை. ஆனால் அதற்கு இந்தியாவில் தயாரானது என்ற மூலச்சான்று வேண்டும். அதை ஆன்லைனில் எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் அண்ணே, நூல் வாங்கிய பில் எல்லாம் கேட்பார்களா, எத்தனை நாளாகும்?

இன்னொன்று, ஒவ்வொரு துண்டிலும் அமெரிக்க பையரின் நம்பர் போட்ட லேபிள் தைத்திருக்கிறது. அதைப் பிரித்து, ஆஸ்திரேலியா கேட்கிற துவைக்கும் குறிப்போடு புது லேபிள் தைத்தால் ஓட்டை தெரியுமோ என்று பயம். ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தேன், ஓரத்தில் ஊசித் தடம் லேசாகத் தெரிகிறது. இதை யாராவது செய்து விற்றிருக்கிறீர்களா?

சிறிய அளவில் வாங்கும் ஆஸ்திரேலிய பையர் தெரிந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்கள். தீபாவளிக்கு முன்னால் சம்பளம் போட்டாக வேண்டும்.