குற்றத் தொடர் பார்ப்பது துப்பறியும் நாவல் எழுத உதவுமா? கைப்பிரதியை எப்படி அனுப்புவது?

வாசல்விளக்கு:
வணக்கம். துப்பறியும் நாவலின் முதல் வரைவு முடிந்திருக்கிறது, சுமார் 62,000 சொற்கள். எழுதக் கிடைப்பது இரவு 2 மணி நேரம்; அதில் பாதி குற்றத் தொடர்களுக்குப் போகிறது. படித்த இருவருமே "டிவி எபிசோடு மாதிரி இருக்கு" என்கிறார்கள். பார்ப்பதை நிறுத்த வேண்டுமா? பதிப்பகத்துக்கு அனுப்பும்போது எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

மைக்கூடு:
நிறுத்த வேண்டாம், நோட்டும் பேனாவுமாகப் பாருங்கள். ஒரே எபிசோடை இரண்டு முறை பார்க்க வேண்டும். கொலையாளி யாரென்று தெரிந்தபின் பார்க்கும் இரண்டாவது முறைதான் பாடம். தடயம் எந்த நிமிடத்தில் வந்தது, அப்போது நம் கவனத்தை எதன் பக்கம் திருப்பினார்கள் என்று குறியுங்கள். நல்ல தடயத்தை ஒளித்து வைப்பதில்லை. சண்டைக்கோ அழுகைக்கோ நடுவில் கண்ணெதிரே போட்டுவிடுவார்கள். பிறகு உங்கள் நாவலுக்கும் ஒரு அட்டவணை போடுங்கள்: அத்தியாயம், தடயம், அது யாருக்குத் தெரியும். கடைசி 3 அத்தியாயங்களில் புதிதாகத் தடயம் முளைத்தால் வாசகர் ஏமாந்ததாகவே நினைப்பார்.

"எபிசோடு மாதிரி" என்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். விளம்பர இடைவேளை உள்ள ஒரு மணி நேரத் தொடரில் கதை ஓடுவது 42–44 நிமிடம்தான். இடைவேளைக்குப் பிறகும் ஆளைப் பிடித்து வைக்க ஒவ்வொரு பகுதியும் அதிர்ச்சியில் முடியும். நாவலில் 30 அத்தியாயமும் அப்படி முடிந்தால் பத்தாவதிலேயே சலித்துவிடும். இன்னொன்று பார்வைக்கோணம். கேமரா ஆளுக்கு ஆள் தாவலாம். நாவலில் ஒரு காட்சி ஒருவர் மனதுக்குள்ளேயே இருக்கட்டும். வசனத்துக்கு வசனம் "திரும்பிப் பார்த்தான்", "பெருமூச்சு விட்டாள்" என்று வருகிறதா? அது நடிகருக்கான குறிப்பு. அந்த இடத்தில் அவன் என்ன கணக்குப் போடுகிறான் என்று எழுதுங்கள். திரையால் செய்ய முடியாததும் அதுதான்.

தடயக்குறிப்பு:
தொடரிலிருந்து அறிவியலை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். சடலத்தைப் பார்த்ததும் "இறந்தது 10.15க்கு" என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார், மணிக்கணக்கில் ஒரு வரம்பைத்தான் சொல்வார். விறைப்பு சுமார் 2–4 மணி நேரத்தில் தாடை, முகத்தில் தெரிய ஆரம்பிக்கும். 12 மணி நேரம் வாக்கில் உடல் முழுக்கப் பரவும். ஏறக்குறைய 36 மணி நேரத்தில் தளரும். வெயிலில் இது வேகமாகும், குளிரில் தாமதமாகும்.

கதைக்கு இதைவிட உதவுவது ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கும் செந்நீல நிறம். 8–12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கும் உடலில் அந்த நிறம் மார்பில் இருந்தால், யாரோ பிறகு புரட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு முழு அத்தியாயத்தை இதன் மேல் நிறுத்தலாம்.

ரத்தக்கறையைக் கண்டுபிடிக்கத் தெளிக்கும் லூமினால் என்ற ரசாயனத்தின் ஒளி இருட்டில்தான் தெரியும், சுமார் அரை நிமிடம்தான் ஒளிரும். ப்ளீச் பட்ட இடமும் ஒளிரும் என்பதால் அதை வைத்து மட்டும் ரத்தம் என்று முடிவு கட்ட முடியாது. டிஎன்ஏ அறிக்கை காபி ஆறுவதற்குள் வராது. நாட்கள், பல நேரம் வாரங்கள். அந்தக் காத்திருப்பையே கதையில் பயன்படுத்துங்கள். சைலன்சர் மாட்டினாலும் துப்பாக்கிச் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

பிழைதிருத்தி:
அனுப்பும் முன் வரைவை 4 வாரமாவது மூடி வைத்து, பிறகு உரக்கப் படித்துத் திருத்துங்கள். வசனத்தின் செயற்கைத்தனம் காதில்தான் பிடிபடும்.

பொதுவாகக் கேட்பது: ஒரு பக்க அறிமுகக் கடிதம், 1–2 பக்கக் கதைச்சுருக்கம், முதல் 3 அத்தியாயங்கள். பதிப்பகத்தின் விதிமுறை வேறாக இருந்தால் அதுவே முடிவு. 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் 1 அங்குல ஓரம், பக்க எண். தமிழ்ப் பிரதி யூனிகோடிலேயே இருக்கட்டும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியிருந்தால் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள்.

கடிதத்தின் முதல் பத்தியிலேயே தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை வர வேண்டும். "நண்பர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். எங்கே, என்று, எதை அனுப்பினீர்கள் என ஒரு விரிதாளில் குறித்து வையுங்கள். படித்துப் பார்க்கவே பணம் கேட்டால் அங்கே அனுப்பாதீர்கள்.

வாசல்விளக்கு:
நன்றி. கதைச்சுருக்கத்தில் கொலையாளி பெயரையும் சொல்லிவிட வேண்டுமா?

பிழைதிருத்தி:
கட்டாயம். அது பின்னட்டை வாசகம் இல்லை. முடிச்சு ஒழுங்காக அவிழ்கிறதா என்று ஆசிரியர் குழு பார்ப்பதே அதில்தான். யார், ஏன், எந்தத் தடயத்தால் மாட்டினார்: மூன்றும் இருக்கட்டும்.