இயந்திரத் துப்பாக்கிக் காலத்தில் குதிரைக்கு என்ன வேலை? மக்னோவின் தன்னார்வப் படை பற்றி

ஓரவாசகன்:
ரஷ்ய உள்நாட்டுப் போர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் உலகப் போரோடு குதிரைப்படையின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் 1919-ல் தெற்கு உக்ரைனில், எந்த அரசும் வேண்டாம் என்ற அராஜகவாதத் தலைவர் நெஸ்தோர் மக்னோவின் பின்னால் தாமாகச் சேர்ந்த விவசாயிகள் குதிரையும் வண்டியுமாக வந்து, போல்ஷெவிக்குகளை எதிர்த்த தளபதி டெனிகினின் வெள்ளைப் படையைத் திணறடித்திருக்கிறார்கள். இது பிற்பாடு ஊதிப் பெருக்கிய கதையா, உண்மையிலேயே நடந்ததா? நடந்தது என்றால் எப்படி?

லாடம்:
நடந்ததுதான். குதிரை வைத்தியம் என் தொழில். அதனால் இந்த மாதிரிப் போர்க்கதைகளில் வாளைவிடக் குதிரையின் வயிறும் குளம்பும்தான் எனக்கு முதலில் கண்ணில் படும்.

பிரான்சில் கடலோரம் தொடங்கி சுவிஸ் எல்லை வரை பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். குதிரை சுற்றிப் போக வழியே கிடையாது. உக்ரைன் புல்வெளி அப்படியில்லை. படைகள் சிறியவை, நிலமோ பரந்து கிடந்தது. கவச ரயில் பயங்கரமான ஆயுதம்தான், ஆனால் தண்டவாளத்தை விட்டு இறங்காதே! அந்த இடைவெளிகளில் யார் வேகமாக நகர்கிறாரோ அவர் கை ஓங்கும்.

மக்னோ ஆட்கள் குதிரைமேல் இருந்து வாள் வீசியதை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. காலாட்களையும் வண்டியில் ஏற்றினார்கள். தாச்சாங்கா என்பது ஸ்பிரிங் வைத்த இலகுவான குதிரைவண்டி. அங்கே குடியேறியிருந்த ஜெர்மானியர்களின் பண்ணைகளில் நிறைய இருந்தது. அதன் பின்பக்கம் ஒரு மேக்சிம் இயந்திரத் துப்பாக்கி. சக்கரம், கவசத் தகடு எல்லாம் சேர்த்து 60 கிலோவைத் தாண்டும் சாமான் அது. ஆள் சுமந்து எவ்வளவு தூரம் போவான்? வண்டியில் என்றால் பாய்ந்து வந்து, திருப்பி நிறுத்தி, சுட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடலாம். குதிரையை ஒழித்த துப்பாக்கியையே குதிரை இழுத்துக்கொண்டு திரிந்தது.

இப்போது தீவனத்துக்கு வருகிறேன். உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு நாலைந்து கிலோ தானியம், அதற்கு மேலேயே உலர்புல், முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர். ஆயிரம் குதிரைக்குத் தினமும் பத்து டன் தீவனம் என்று வையுங்கள். அத்தோடு தினமும் எண்பது கிலோமீட்டர் ஓட்டினால் சில நாளிலேயே முதுகில் சேணப்புண் வரும், லாடம் கழன்று நொண்டும். முறையான படை நின்று இளைப்பாறித்தான் ஆக வேண்டும். மக்னோ ஆட்கள் களைத்த குதிரையை ஊரில் விட்டுவிட்டு, ஊர்க்குதிரையைப் பூட்டிக்கொண்டு போனார்கள். துரத்துகிறவன் குதிரை நேற்றும் ஓடியது. இவர்கள் குதிரை இன்றுதான் கொட்டடியை விட்டு வந்தது.

1919 கோடையில் வெள்ளைப் படையினர் இவர்களை மேற்கே உமான் வரை விரட்டிவிட்டார்கள். செப்டம்பர் 26-ல் பெரெகோனிவ்காவில் இவர்கள் திருப்பி அடித்து உடைத்துக்கொண்டு, சில நாட்களிலேயே கிழக்கே பாய்ந்தார்கள். அக்டோபரில் பெர்தியான்ஸ்க் கையில் வந்தது. அங்கேதான் டெனிகினின் வெடிமருந்துக் கிடங்கு. டெனிகின் படை மாஸ்கோவை நோக்கி ஓர்யோல் வரை போயிருந்த நேரம். முன்னணிக்குப் போக வேண்டிய படைப்பிரிவுகளைப் பின்னால் திருப்ப வேண்டியதாயிற்று.

மறுகரை:
"விட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நல்ல குதிரையைக் கொடுத்து நொண்டிக் குதிரையை வாங்கிக்கொண்ட விவசாயி அடுத்த நாள் எதை வைத்து உழுவான்? தாச்சாங்காக்கள் வந்த ஜெர்மன் மென்னோனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) குடியேற்றங்களின் கதை இன்னும் மோசம். 1919 இறுதியில் ஐஷன்ஃபெல்ட் போன்ற ஊர்களில் நடந்தது படுகொலை. எல்லாரும் தாமாக வந்து சேர்ந்தார்கள் என்றால் கட்டுப்பாடும் அவரவர் இஷ்டம்தான்.

இன்னொன்று. அந்த ஆகஸ்டில் டெனிகின் பக்கத்துத் தளபதி மாமோந்தவின் கோசாக் குதிரைவீரர்கள், சுமார் 9,000 பேர், போல்ஷெவிக்குகளின் செம்படையின் முதுகுப்புறம் புகுந்து தம்போவைப் பிடித்தார்கள். பிறகு கொள்ளையை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு, பெரும்பாலோர் தோன் நதிக்கரையில் இருந்த வீடுகளுக்குப் போய்விட்டார்கள். குதிரை அவரவர் சொந்தம் என்றால் வீட்டு ஞாபகம் வரத்தானே செய்யும்.

லாடம்:
சரிதான், மறுக்கவில்லை. ஊரின் இழப்பில்தான் அந்த வேகம் வந்தது. பிடித்த நகரத்தை வைத்துக்கொள்ளவும் அவர்களால் முடியவில்லை. எகதெரினோஸ்லாவ் அவர்கள் கைக்கு வந்தும் நிலைக்கவில்லை. அங்கே டைபஸ் காய்ச்சல் வேறு ஆளை அள்ளிக்கொண்டு போனது.

ஓரவாசகன்:
அப்போது 1921-ல் மக்னோ தோற்றது செம்படையின் குதிரைப்படையிடமா?

லாடம்:
அதுவும் ஒரு காரணம். செம்படைத் தலைவர் ட்ராட்ஸ்கி 1919-லேயே "பாட்டாளியே, குதிரையேறு!" என்று முழங்கினார், அந்த நவம்பரில் தளபதி புத்யோன்னியின் "முதல் குதிரைப்படை" உருவானது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1921 மார்ச்சில் போல்ஷெவிக் அரசின் கட்டாய தானியப் பறிமுதல் போய், வரி வந்தது. ஊர்க்காரனுக்குச் சண்டைபோடக் காரணம் குறைந்தது. அந்த ஆண்டே வறட்சி. தெற்கு உக்ரைனில் மனிதனுக்கே தானியம் இல்லை, குதிரைக்கு யார் போடுவார்கள்? மாற்றிக்கொள்ளக் குதிரையில்லாத ஊரில் அந்த உத்தி எடுபடாது. ஆகஸ்ட் இறுதியில் மக்னோ சிலரோடு தினியெஸ்தர் ஆற்றைக் கடந்து ருமேனியாவுக்குள் போய்விட்டார்.

அவருடைய சிறந்த குதிரைவீரர்களில் பலரை அதற்கு முன்பே இழந்துவிட்டார். 1920 நவம்பரில் செம்படையோடு கூட்டுச் சேர்ந்து, சிவாஷ் காயலின் சேற்றைக் கடந்து கிரைமியாவுக்குள், டெனிகினுக்குப் பின் வெள்ளைப் படையை நடத்திய ராங்கெலை அடிக்கப் போன பிரிவு அது. ராங்கெல் கப்பலேறிய கையோடு கூட்டும் முறிந்தது. அதன் தளபதி கரெத்னிக்கைச் செம்படையினர் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டுப் பிடித்துச் சுட்டார்கள். வெளியே வரச் சண்டையிட்டவர்களில் சில நூறு பேர்தான் மக்னோவிடம் திரும்பினார்கள்.