71 நாள், 78 நாள்: வேலை போனபின் இ.எஸ்.ஐ. உதவித்தொகை கேட்டவர்கள்

ஓவர்லாக்:
இ.எஸ்.ஐ. கவுன்டர் மானிட்டரில் தெரிந்த அந்த எண் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 71. வேண்டியது 78. பனியன் யூனிட்டில் மூன்றரை வருடம் மெஷின் ஓட்டிய ஒரு அக்கா. ஜனவரியில் ஆர்டர் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். வேலை போனவருக்கு இ.எஸ்.ஐ. தரும் அடல் பீமித் உதவித்தொகைக்கு அவர் போட்ட மனு தள்ளுபடி. காரணம், ஏப்ரல்–செப்டம்பர் பங்களிப்புக் காலத்தில் (ஆறு மாதம் ஒரு பங்களிப்புக் காலம்) 71 நாள்தான் ஏறியிருக்கிறது. சம்பளச் சீட்டுகளைக் கூட்டினால் 139 நாள் வருகிறது. ஏப்ரல் 23, மே 22, செப்டம்பர் 23, இவை சரி. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் பீஸ் ரேட் என்பதால், கணக்கு ஏற்றியவர் நாள் கட்டத்தில் வெறும் 1 போட்டிருக்கிறார். பணம் முழுசாகக் கட்டியாகிவிட்டது, நாள் மட்டும் போகவில்லை. தொழிலாளி கையிலிருந்து பிடித்த 0.75 சதவீதமும் அதற்குள்தான் இருக்கிறது. "நான் லீவே போடலைங்க" என்று அந்த அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். கவுன்டரில் இருந்தவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

நிறுவனம்தான் வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு நகலோடு திருத்தம் கேட்டு எழுதவேண்டும். வேலையை விட்டு அனுப்பிய இடத்திலேயே போய் நின்று கேட்கவேண்டிய நிலை.

கரூர்_தறி:
நான்கு பங்களிப்புக் காலத்திலும் 78 நாள் வேண்டுமே? ஒன்றைத் திருத்தி என்ன பயன்?

பழைய_கோப்பு:
தம்பி, அது 2018 ஜூலையில் திட்டம் வந்தபோது இருந்த விதி. கொரோனா காலத்தில் தளர்த்தினார்கள், அதன்பிறகு நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். தளர்த்திய விதிப்படி இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்கவேண்டும். வேலை போனதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாள், மீதி மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள். அதனால்தான் முந்தைய காலத்தில் 71 என்றால் கதவு அங்கேயே மூடிவிடுகிறது. வேறு மூன்றிலும் 150 நாள் இருந்தாலும் உதவாது. ஓவர்லாக் சொன்ன திருத்தம்தான் ஒரே வழி.

காத்திருப்பும் 90 நாளிலிருந்து 30 நாளாகக் குறைந்தது. ஆனால் கழிந்த நாளுக்குத்தான் கேட்கலாம், வரப்போகும் நாளுக்கு முன்கூட்டிக் கேட்டால் எடுக்கமாட்டார்கள்.

ரேகை:
தொகைத் தகராறைப் பற்றி யாருமே பேசவில்லையே. மாதம் 15,000 வாங்கிய ஒரு பேக்கிங் பையன். "பாதிச் சம்பளம் மூன்று மாதத்துக்கு" என்று கேள்விப்பட்டு 22,500 வரும் என்று வாடகை தர வீட்டு உரிமையாளரிடம் தேதி சொல்லிவிட்டான். வந்தது ஏறக்குறைய 11,100. பாஸ்புக்கை நீட்டி, பாதியை யார் எடுத்தது என்று கேட்டான். யாரும் எடுக்கவில்லை. கணக்கு இப்படி: முந்தைய நான்கு பங்களிப்புக் காலத்தின் மொத்தச் சம்பளத்தை 730 ஆல் வகுப்பார்கள், அதில் 50 சதவீதம், 90 நாளுக்கு. 24 மாதமும் சம்பளம் ஏறியிருந்தால் 3,60,000 வகுத்தல் 730, நாளுக்கு 493 ரூபாய் சொச்சம், பாதி 246.58, மொத்தம் சுமார் 22,200. இவனுக்கு அந்த இரண்டு வருடத்தில் 12 மாதச் சம்பளம்தான் ஏறியிருந்தது. வகுக்கும் எண் மட்டும் 730 ஆகவே நிற்கிறது. நடுவில் வேலையில்லாமல் இருந்தவருக்குத்தான் உதவி அதிகம் தேவை, அவருக்குத்தான் கம்மியாக வருகிறது. இந்த வாய்பாட்டை மாற்றச் சொல்லித் தொழிற்சங்கங்கள் அழுத்திக் கேட்கவேண்டும்.

கரூர்_தறி:
ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்குக் கிடைக்குமா? ஒரு மில்லில் எல்லாரிடமும் எழுதி வாங்கிவிட்டார்கள்.

மேசை_4:
கிடைக்காது. சொந்தமாக விட்டுப்போனவருக்கு எதற்கு?

பழைய_கோப்பு:
மேசை_4, இப்படி ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். திட்டம் விலக்குவது மூன்று பேரை: ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வு வாங்கியவர். விருப்ப ஓய்வும் மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் ஒன்றா? வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவர் அடல் பீமித் படிவம் போடுவதற்கு முன் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவைக் கேட்கவேண்டும். அதுவும் இ.எஸ்.ஐ. திட்டம்தான், 2005 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. 24 மாதம் தருவார்கள்: முதல் 12 மாதம் சராசரி தினக்கூலியில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25. அடல் பீமித்தோ மொத்தமே 90 நாள், அதுவும் ஆயுளில் ஒருமுறை. ஒரே மில்லில் ஆட்குறைப்பான இரண்டு பேர் ஒரே வாரத்தில் வந்தார்கள். ஒருவர் கையில் ஆட்குறைப்பு நோட்டீஸ் இருந்தது. இன்னொருவர் அதைக் கோபத்தில் கிழித்துப் போட்டிருந்தார். நிறுவனம் கடைசி மாதக் கணக்கில் அவருக்குப் போட்டிருந்த காரணக் குறியீடு 2, அதாவது வேலையை விட்டுவிட்டார். ஆட்குறைப்புக்குக் குறியீடு 10. அந்த ஒரு எண்ணில் 24 மாதம் கேள்விக்குறியானது.

சேவைமையம்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் நின்றுபோவது முக்கால்வாசி இந்த இடங்களில்தான். வேலை போன வாரமே இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீடு பெற்றவருக்கான பக்கத்தில் நுழைந்து பங்களிப்பு வரலாற்றைப் பாருங்கள். கணக்கு அடுத்த மாதம் 15க்குள்தான் ஏறும், கடைசி மாதத்துக்கு அதுவரை பொறுக்கவேண்டும். கடைசி வேலை நாள் சரியா, காரணக் குறியீடு சரியா, ஒவ்வொரு மாதமும் நாள் சரியா என்று சம்பளச் சீட்டை வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது இரட்டை எண். கம்பெனி மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணைக் கொடுக்காமல் விட்டால் புதிதாக ஒன்று போட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடச் சேவை இரண்டு எண்ணில் சிதறிக் கிடக்கும், எதிலும் தகுதி வராது. இரண்டையும் இணைக்கச் சொல்லிக் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். ஆதாரிலும் இ.எஸ்.ஐ. பதிவிலும் பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கட்டும்.

வங்கி எண். லட்சுமி விலாஸ், சிண்டிகேட், ஆந்திரா வங்கிகளெல்லாம் இணைந்தபின் ஐ.எஃப்.எஸ்.சி. மாறியது, பழைய பாஸ்புக்கைப் பார்த்து நிரப்பினால் பணம் திரும்பிவிடும். புதிய பாஸ்புக்கின் முதல் பக்கம் அல்லது ரத்துசெய்த காசோலை வையுங்கள்.

ஆன்லைனில் போட்டதோடு விடாதீர்கள். ஆதார், வங்கி விவர நகல்களை அங்கேயே பதிவேற்றவில்லை என்றால், பிரின்ட் எடுத்துக் கையெழுத்திட்டு, அந்த நகல்களோடு கிளையில் நேரிலோ தபாலிலோ சேர்க்கவேண்டும். 20 ரூபாய் பத்திரத்தில் உறுதிமொழி, நிறுவனத்தின் பரிந்துரை இரண்டும் 2020இலேயே போய்விட்டன. அதற்கென்று யாராவது 300 கேட்டால் கொடுக்காதீர்கள். உதவித்தொகை பெறும் காலத்துக்கு மருத்துவ வசதியும் உண்டு, இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கிடையாது என்று சொன்னால் கிளையில் கேளுங்கள்.

ஓவர்லாக்:
சேவைமையம் அண்ணா, அந்த அக்காவுக்கு ஆதார், வங்கி எல்லாமே சரியாக இருந்தது. மூன்று கட்டத்தில் 1 மட்டும்தான். திருத்தக் கடிதம் நிறுவனத்திலிருந்து இன்னும் வரவில்லை.