போக்கர் மேசையில கேட்ட சொல்லுகள்: 304 ஆடிப் பழகின வன்னி ஆக்கள் வந்து சொல்லுங்கோ

இரணைமடுக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். காலபோக வெட்டு முடிஞ்ச கையோட எங்கட பக்கத்துப் பெடியள் 304 எண்ட காட்ஸ் ஆட்டத்தை விட்டிட்டு போக்கருக்கு மாறுறாங்கள். கனடா, லண்டனில இருந்து லீவுக்கு வாற மச்சான்மார் ஒரு காட்ஸ் கூட்டத்தோட வந்து விளையாடிக் காட்டிப்போட்டுப் போயிடுவினம், பிறகு இவங்கள் போனைப் பாத்துப் பாத்துப் பழகிறாங்கள். ஆட்டம் கெதியாப் பிடிபடுது, சொல்லுகள்தான் பிடிபடேல்ல. வெறும் பட்டியல் ஒருத்தருக்கும் உதவாது, ஆரோட விளையாடேக்க என்ன சொல் வந்தது, அதால என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ, புதுசா வாற ஆக்களுக்கு அதுதான் மனசில நிக்கும்.

நான் கனதரம் கண்டது இது. 304 எங்களுக்கு வலப்பக்கமாச் சுத்தும், போக்கர் இடப்பக்கமாச் சுத்தும். கிளிநொச்சியில ஒரு கலியாணவீட்டுக்கு முதல்நாள் இரவு நாங்கள் மஞ்சாடிக்கொட்டை வச்சு விளையாடேக்க ஒரு பெரியவர் ஒவ்வொரு முறையும் தன்ர முறை வர முதலே போடுவார். அவர் சும்மா அவசரப்படேல்ல, கை பழகினது அப்பிடி. ஆனா போக்கரில முறை மாறிப் பேசினா பின்னால இருக்கிற ஆக்களின்ர முடிவே மாறிப்போடும், அதால மேசையில இது பெரிய பிழை.

இன்னொண்டு செக். 304 இல கேள்வி, அதாவது எத்தினை புள்ளி எடுப்பன் எண்டு சொல்லுறது, 160 இல தொடங்கி மேலதான் போகும். போக்கரில செக் எண்டா 'நான் இப்ப ஒண்டும் போடேல்ல, ஆனா விலகேல்ல'. ஆரும் பெட், எண்டா பந்தயத்தொகை, போட்டா திரும்பி உங்களிட்ட வரும், அப்ப கோல் பண்ணலாம், அதாவது அவ்வளவையும் நீங்களும் போடலாம், ரெய்ஸ் பண்ணிக் கூட்டலாம், ஃபோல்ட் பண்ணி விலகலாம். பெட் வந்த பிறகு செக் எண்டு சொல்ல ஏலாது. புது ஆக்கள் செக்கை ஃபோல்ட் எண்டு நினைச்சு ஒருத்தரும் ஒண்டும் கேக்காமலே காட்ஸைக் கீழ போடுறதை எத்தினையோ தரம் பாத்திட்டன், சும்மா இருந்தா அடுத்த காட்டை ஓசியிலயே பாத்திருக்கலாம்.

பிளைண்ட் எண்டுறது காட்ஸைப் பாக்க முதலே கட்டாயம் போடுற தொகை. டீலர் பட்டனுக்கு, அதாவது காட்ஸ் பிரிக்கிற இடத்தைக் காட்டுற வட்டத்துக்கு, இடப்பக்கம் முதல் ஆள் ஸ்மோல் பிளைண்ட், அடுத்தவர் பிக் பிளைண்ட். பட்டன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நகரும். பட்டனில இருக்கிறவர் ஃப்ளொப்புக்குப் பிறகு, அதாவது மேசையில பொதுவா முதல் மூண்டு காட் விழுந்த பிறகு, கடைசியாப் பேசுவார், எல்லாரும் செய்ததைப் பாத்திட்டுப் பேசலாம், மேசையில அதை விட நல்ல இடம் இல்லை.

முள்ளியவளை அக்கா:

இதை ஆரும் கேக்க மாட்டினமோ எண்டு இருந்தனான், நல்ல வேலை செய்தீங்கள் அண்ணை.

எங்கட வீட்டில மாமா 304 இல பெரிய ஆள், செத்தவீட்டு இரவுகளில விடியும் வரை இருத்தி வச்சு விளையாடுவினம் அவரை. வட்டாப்பளைப் பொங்கலுக்கு வந்து நிண்ட மச்சாள் போக்கர் பழக்கினா. மாமா முதல் கேட்ட கேள்வி 'துரும்பு எது பிள்ளை?'. துரும்பு இல்லை மாமா எண்டவுடன அந்த மனுசன் கொஞ்ச நேரம் யோசிச்சுக்கொண்டு இருந்தது. பிறகு அவருக்கு ஜாக்கும் 9 உம் வந்தது. 304 இல ஜாக்குக்கு 30, 9 க்கு 20, அந்த ரெண்டும்தானே உச்சம், ஆஸ் கூட 11 தான். அவர் அப்பிடியே முழுக் கொட்டையையும் தள்ளி ஓல்-இன் எண்டிட்டார். மச்சாளிட்ட ஆஸும் ராசாவும். போக்கரில வரிசை ஆஸ், ராசா, ராணி, ஜாக், 10, 9 எண்டு நேராப் போகுது, 2, 3 எல்லாம் கட்டுக்குள்ளயே இருக்கு, 52 காட்டும் ஆட்டத்தில. 304 ஆக்கள் ஆரும் பழக வந்தா முதல் அரைமணித்தியாலம் இந்த வரிசையை மட்டும் சொல்லிக்குடுங்கோ, மிச்சம் பிறகு.

மச்சாள் சொல்லித்தந்த பட்டப்பேருகள்: கையில ரெண்டு ஆஸ் வந்தா பொக்கெட் ரொக்கெட்ஸ், ரெண்டு ராசா கௌபோய்ஸ், ரெண்டு ராணி லேடீஸ், ரெண்டு ஜாக் ஃபிஷ்ஹூக்ஸ் எண்டா தூண்டில் முள்ளு (முல்லைத்தீவுப் பெடியளுக்கு இது உடன பிடிச்சுப்போச்சு), ரெண்டு 8 ஸ்னோமென், ரெண்டு 2 டக்ஸ். ஆஸும் ராசாவும் சேந்து வந்தா பிக் ஸ்லிக். 10 உம் 2 உம் வந்தா டோயில் பிரன்ஸன் எண்டுவினம், அந்தாள் 1976 இலயும் 1977 இலயும் போக்கர் உலகத் தொடரின்ர கடைசி ஆட்டத்தை அந்தக் கையாலதான் வெண்டவர். அதுக்காக 10-2 நல்ல கை எண்டு நினைக்கவேண்டாம், அது மெலிஞ்ச கை.

கறுப்பு ஆஸ் ரெண்டு, கறுப்பு 8 ரெண்டு வந்தா டெட் மேன்ஸ் ஹேண்ட். வைல்ட் பில் ஹிக்கொக் எண்டவரை 1876 இல அமெரிக்காவில டெட்வூட் எண்ட ஊரில மேசையில வச்சுச் சுடேக்க அவற்ற கையில அதுதான் இருந்தது எண்டு சொல்லுவினம்.

துணுக்காய் தம்பி:

அக்கா, செட், ட்ரிப்ஸ் ரெண்டும் ஒண்டோ? நாங்கள் யானைக்காவலுக்குப் பரணில இருக்கேக்க இதில ஒரே சண்டை.

முள்ளியவளை அக்கா:

கடைசிப் பலன் ஒண்டுதான் தம்பி, ரெண்டும் ஒரே இலக்கம் மூண்டு. கையில சோடி இருந்து மேசையில மூண்டாவது விழுந்தா செட். கையில ஒண்டு, மேசையில ரெண்டு எண்டா ட்ரிப்ஸ். செட் மறைஞ்சு கிடக்கும், எதிராளிக்கு மணக்காது, ட்ரிப்ஸ் எண்டா மேசையில சோடி கிடக்கிறது எல்லாருக்கும் தெரியும். அதோட ட்ரிப்ஸில இன்னொருத்தரிட்டயும் அதே இலக்கம் இருக்கலாம், அப்ப கிக்கர், அதாவது பக்கத்துக் காட், ஆருக்குப் பெரிசு எண்டு பாப்பினம். கையில சோடியோட போனா ஃப்ளொப்பில செட் விழுற வாய்ப்பு ஏறக்குறைய 12 வீதம்.

மாங்குளம் வாத்தி:

வாத்திமாருக்கு இந்தத் திரியில வேலை இருக்கு எண்டு தெரிஞ்சுதான் வாறன். சொல்லுகளில நான் ஆகப் பெரிசா மதிக்கிறது அவுட்ஸ். மேசையில முதல் மூண்டு காட் விழுறது ஃப்ளொப், நாலாவது டேர்ன், அஞ்சாவது ரிவர், இது எல்லாருக்கும் பொது. உங்கட கை இன்னும் நிறையேல்ல, என்ன காட் வந்தா நிறையும் எண்டு எண்ணுறீங்களே, அந்தக் காட்டுகள்தான் அவுட்ஸ்.

போன சிறுபோக நேரம் ஒரு பழைய மாணவன் வீட்டில இருந்து விளையாடினம். அவனிட்ட ஸ்கோப்பன் ரெண்டு, ஃப்ளொப்பில ஸ்கோப்பன் ரெண்டு. இன்னும் ஒண்டு வந்தா ஃப்ளஷ், எண்டா ஒரே இனத்தில அஞ்சு காட். ஒரு இனத்தில 13, நாலு தெரிஞ்சு போச்சு, மிச்சம் 9. ஃப்ளொப்பில நிண்டா அவுட்ஸை 4 ஆல பெருக்கு, டேர்னில நிண்டா 2 ஆல பெருக்கு எண்டு ஒரு குறுக்குவழி இருக்கு. 9 ஐ 4 ஆல பெருக்கினா 36, உண்மைக் கணக்கு 35 வீதம். 2 ஆல பெருக்கினா 18, உண்மையில 46 காட்டில 9, எண்டா 19.6. கையில போனும் வேண்டாம் பேனையும் வேண்டாம், கிட்டத்தட்டச் சரியா வரும்.

டேர்ன் விழுந்தது, ஸ்கோப்பன் வரேல்ல. பொட்டில, அதாவது நடுவில சேருற குவியலில, 80 கொட்டை கிடக்கு, எதிர்ப்பக்கம் 20 போட்டார், இப்ப 100. அவன் 20 போட்டா 120 ஐ வெல்லலாம். 120 இல 20 எண்டா 17 வீதத்துக்குக் கிட்ட, அவன்ர வாய்ப்பு 19.6. கோல் பண்ணலாம். இதுக்குப் பேர்தான் பொட் ஒட்ஸ். நான் வாய் திறக்கேல்ல, அவன் தானே விரல் விட்டு எண்ணிக் கோல் பண்ணினான், ரிவரில ஸ்கோப்பன் வரேல்ல, தோத்தான், ஆனா அவன் செய்தது சரி. தோத்தவன் எல்லாம் பிழையா விளையாடினவன் எண்டும் வெண்டவன் எல்லாம் கெட்டிக்காரன் எண்டும் சுத்தி இருந்த ஆக்கள் கதைக்கத் தொடங்கிட்டினம், நான் விடேல்ல, அதே கணக்கைத் திரும்பக் கொப்பியில போட்டுக் காட்டினன்.

இதுவே கட்ஷொட் எண்டா வேற கதை. 5, 6, 8, 9 இருக்கு, நடுவில 7 வந்தாத்தான் ஸ்ட்ரெய்ட், எண்டா வரிசையா அஞ்சு காட், அவுட்ஸ் 4 மட்டும், ஒரு காட்டில 8.7 வீதம். அந்த இடத்தில அதே 20 ஐப் போடக்கூடாது. 5, 6, 7, 8 எண்டு ரெண்டு பக்கமும் திறந்து கிடந்தா ஓப்பன்-எண்டட், அவுட்ஸ் 8. ரெண்டும் புது ஆக்களுக்கு ஒரே மாதிரித் தெரியும், ஆனா ஒண்டு மற்றதில அரைவாசி.

புதுக்குடியிருப்பு - லண்டன் போய் வந்தவன்:

எனக்கு மேசை ஒழுங்குச் சொல்லுகளைப் பற்றித்தான் சொல்லவேணும். பட்டப்பேர் தெரியாட்டி ஒண்டும் ஆகாது, இது தெரியாட்டி மற்ற ஆக்களுக்கு மரியாதைக்குறைவு.

லண்டனில ஒரு கிளப்பில எங்கட பக்கத்து ஐயா ஒருத்தர் கோல் பண்ணுற அளவு சிப்ஸை, எண்டா காசுக்குப் பதிலா வைக்கிற வட்டங்களை, முன்னுக்கு வச்சு, மற்ற ஆளின்ர முகத்தைப் பாத்திட்டு, பிறகு இன்னும் கொஞ்சத்தை எடுத்து வச்சார். டீலர் உடன நிப்பாட்டி 'ஸ்ட்ரிங் பெட்' எண்டார், முதல் வச்சது மட்டும்தான் கணக்கு, அது கோல். ஐயாவுக்கு முகம் வாடிப்போச்சு, தன்னைக் களவு எண்டு சொல்லீற்றாங்கள் எண்டு நினைச்சிட்டார். அப்பிடி இல்லை ஐயா, கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு எதிராளியின்ர முகத்தைப் படிக்கக்கூடாது எண்டுதான் அந்த விதி, வாயால 'ரெய்ஸ்' எண்டு முதல் சொல்லிட்டா பிறகு ஆறுதலா எண்ணி வைக்கலாம் எண்டு பக்கத்தில இருந்து சொன்னன். அதே மாதிரி பெட் வந்த பிறகு வாய் திறக்காமல் ஒரு பெரிய சிப்பை மட்டும் போட்டா அது ரெய்ஸ் இல்லை, கோல்.

மக் எண்டா கழிச்ச காட்ஸ் கிடக்கிற குவியல். உங்கட கையை அதுக்குள்ள தள்ளிட்டா அநேகமா அந்தக் கை செத்தது, வெண்டிருந்தாலும் திரும்ப எடுக்க ஏலாது. அதால புது ஆக்கள் கடைசியில ஆர் வெண்டது எண்டு விளங்காட்டி ரெண்டு காட்டையும் நிமித்தி மேசையில வையுங்கோ, சிப்ஸ் உங்கட பக்கம் வந்து சேரும் மட்டும் காட்டை விடவேண்டாம்.

ஸ்லோ ரோல் செய்யவே செய்யாதேங்கோ. தன்னட்ட வெல்லுற கை இருக்கெண்டு வடிவாத் தெரிஞ்சும் இழுத்து இழுத்துக் காட்டி, மற்றவன் வெண்டிட்டன் எண்டு சந்தோசப்பட்ட பிறகு திருப்பிறது. விதியில தடை இல்லை, ஆனா மனுசத்தன்மை இல்லை. எங்கட ஊரில ஒரு பெடியன் வயசான ஆள் ஒருத்தருக்கு இதைச் செய்தவன், நான் அந்த இடத்திலயே ஏசினனான்.

பிறகு கூட்டாளி விசயம். 304 இல எதிர எதிர இருக்கிற ரெண்டு பேரும் ஒரு பக்கம், கூட்டாளிக்கு உதவுறதுதான் ஆட்டமே. போக்கரில கூட்டாளி எண்டு ஒருத்தரும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரு மேசையில இருந்து தங்களுக்குள்ள பெட் போடாமல் விட்டா அதுக்கு சொஃப்ட் பிளே எண்டு பேர், மூண்டாவது ஆளுக்கு அது அநியாயம். எங்கட ஆக்கள் பாசத்தில செய்யிறது, ஆனா செய்யக்கூடாது.

வவுனியா பஸ்காரன்:

நான் டில்ட்டைப் பற்றி எழுதுறன். நல்ல கையோட தோத்தா வாற கோபத்தில கண்மண் தெரியாமல் விளையாடுறது. ஆஸ் சோடியை ராசா சோடி எதிர்த்தா நூறில ஏறக்குறைய 18 தரம் ராசா வெல்லும், அது நடக்கிற விசயம், அப்பிடித் தோத்தா பேட் பீட் எண்டுவினம். ரெண்டு பேரிட்டயும் பெரிய கை வந்து ஒருத்தருக்கும் விலக வழி இல்லாமல் முட்டினா கூலர். பேட் பீட்டுக்குப் பிறகு ஒரு ஆள் ஒவ்வொரு கைக்கும் ஓல்-இன் போகத் தொடங்கினா அந்தாள் டில்ட், அப்ப பக்கத்தில இருக்கிற சினேகிதர் எழுப்பி ஒரு பிளேன்ரீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போகவேணும்.

நான் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. எங்கட ஒழுங்கையில ஒரு தம்பி போனில ஒரு அப் மூலம் காசு கட்டி விளையாடத் தொடங்கி, தோக்கத் தோக்க ரீபை எண்டு திரும்பத் திரும்பக் கட்டி, தாயின்ர தோடு அடைவுக்குப் போனது. பை-இன் எண்டா உள்ள போகக் கட்டுற காசு, ரீபை எண்டா முடிஞ்ச பிறகு திரும்பக் கட்டுறது, ரேக் எண்டா ஒவ்வொரு பொட்டிலயும் நடத்துறவன் எடுக்கிற பங்கு. ஆர் வெண்டாலும் ரேக் அவனுக்கு. 2003 இல கிறிஸ் மணிமேக்கர் எண்ட கணக்காளர் இன்ரநெற்றில சின்னத் தொகை கட்டி சற்றலைட், அதாவது பெரிய போட்டிக்கு இடம் தாற சின்னப் போட்டி, வெண்டு, உலகத் தொடருக்குப் போய் 25 லட்சம் டொலர் எடுத்தவர், அது உண்மை. அந்தக் கதையை மட்டும் பெடியளுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறவை ரேக்கையும் சேத்துச் சொல்லட்டும். மஞ்சாடிக்கொட்டையோட விளையாடுங்கோ, புளியங்கொட்டையோட விளையாடுங்கோ. அனுமதி இல்லாத இடத்தில காசு வச்சு ஆடினா சட்டத்திலயும் பிழை.

மேசையில ஆரையும் ஃபிஷ் எண்டு கூப்பிடாதேங்கோ. நல்லா விளையாடத் தெரியாத ஆளைச் சொல்லுறது, பழகின ஆக்கள் தங்களுக்குள்ள கதைக்கிற சொல். புதுசா வந்த பிள்ளையின்ர முகத்துக்கு நேர சொன்னா அது அடுத்தநாள் வராது.

துணுக்காய் தம்பி:

எல்லாருக்கும் நன்றி, பரணில இதை வாசிச்சுக் காட்டினன். கடைசியா ஒண்டு. ராணி, ராசா, ஆஸ், 2, 3 எண்டு வந்தா ஸ்ட்ரெய்ட்தானே? நேற்று இதில முழுப் பொட்டும் நடுவில கிடக்கு, ஒருத்தரும் எடுக்கேல்ல.

மாங்குளம் வாத்தி:

இல்லைத் தம்பி. ஆஸ் ஒண்டில் அடியில நிக்கும், இல்லாட்டி உச்சியில நிக்கும். ஆஸ், 2, 3, 4, 5 வந்தா வீல் எண்டுவினம், அது ஆகச் சின்ன ஸ்ட்ரெய்ட். 10, ஜாக், ராணி, ராசா, ஆஸ் வந்தா ப்ரோட்வே, அது ஆகப் பெரிசு. சுத்தி வாறது கணக்கில்லை. மற்ற ஆளிட்ட ஒரு சோடி இருந்தாலும் அந்தப் பொட் அவருக்குத்தான், எடுத்துக் குடுங்கோ.